ஏட்டில் ஏறாத இனிப்பு: பாணியும் பாகும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பை 'மீன் பாடும் தேன் நாடு' என்று போற்றுவது மரபு. மேடைதோறும் ஒலிக்கும் இத்தொடரில் பாடும் மீனைப் பற்றிப் பேசுவோர் பலர். தேனைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலர். ஒரு நாட்டு மக்கள் எதனை உண்டு பசியாறினர் என்பதை வரலாறு ஓரளவு கூறுகின்றது. எதனை உண்டு மகிழ்ந்தனர் என்பதை அது பெரும்பாலும் கூறுவதில்லை. வீட்டு அடுப்பிற் காய்ச்சப்பட்ட பாணி, பாகு, கட்டி ஆகியவற்றின் கதை அவ்வாறு விடுபட்டுப்போன ஒன்றாகும்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பாறும் காடும் சூழ அமைந்த நிலப்பகுதி வாகரை. பனிச்சங்கேணி, கதிரவெளி, பால்சேனை முதலிய ஊர்கள் இதனை அடுத்துள்ளன. (பனிச்சங்கேணி என்பது பனிச்சை மரத்தின் பெயரைத் தாங்கியது, பனையெனப் பிழைபட எண்ணுதல் வேண்டா.) வடக்கே வெருகலாற்றைக் கடந்தாற் கொட்டியாரப் பற்று. வாகரையை உள்ளிட்ட இக்கரையோரத்தில் வாழ்ந்துவரும் வேடர்களை 'கரையோர வேடர்' எனப் பிரித்துக் காட்டி, 1911இல் வெளிவந்த தமது நூலிற் செலிக்மன் தம்பதியர் எழுதினர். காட்டிலே தேனெடுத்தல் வேடர் வாழ்வோடு பிரிக்கவியலாத தொழில். ஆகவே இப்பகுதியின் முதல் இனிப்பு தேனே எனக் கொள்வதில் தவறில்லை.

இக்கரையோடு தொடர்புடைய மற்றொரு சான்றும் உண்டு. 1660ஆம் ஆண்டு புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. அதிலிருந்தோருட் சிலர் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வாழ்ந்து, தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். வேடர் மரப்பொந்தினுள் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை இட்டுக் களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கென வைத்திருந்தனர் என அவர் எழுதுகின்றார். இனிப்பு இங்கு சுவைப்பொருளாக மட்டுமன்றிக் காப்புப்பொருளாகவும் இருந்தமை கருதத்தக்கது. கித்துள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை செய்வதையும் அவர் விவரிக்கின்றார். கைத்திறன் வாய்ப்பின் அச்சர்க்கரையை வெள்ளைச் சீனிக்குச் சற்றே தாழ்ந்த நிறத்திற் செய்யவும் இயலும் என்பது அவர் கருத்து. சிறைப்பட்ட ஒரு மாலுமி அடுப்படியை இவ்வளவு கூர்ந்து நோக்கினார். பிற்காலத்து ஆட்சியாளரின் ஏடுகளில் இந்நோக்கு அரிதாகிவிட்டது. அதற்குரிய காரணம் பின்னர்க் காட்டப்படும்.

முதலிற் சொற்களைப் பார்க்கலாம். 'பாணி' என்னும் சொல் மிகப் பழைமையானது. கரும்புச் சாற்றைக் கட்டியாகாத நிலையிற் காய்ச்சி எடுத்த குழம்பு வடமொழியிலும் பாளியிலும் 'பாணிதம்' எனப்பட்டது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இனிப்பு வகைகளை வரிசைப்படுத்தும்போது பாணிதத்தை முதலில் வைத்து, வெல்லம், கண்டம், சர்க்கரை எனத் தொடர்கின்றது. பௌத்தத் துறவியர் நோயுற்ற காலத்து ஏழு நாள் வரை வைத்திருந்து உண்ணலாமென விநய நூல்கள் அனுமதிக்கும் ஐந்து மருந்துகள் நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், பாணிதம் என்பன. இலங்கைத் தமிழர் நாவில் 'பாணி'யாகவும் சிங்களத்திற் 'பெணி'யாகவும் நிற்பது இச்சொல்லே. 'சர்க்கரை' என்பதற்கு வடமொழியிற் பருமணல் என்பது பொருள். 'கண்டம்' பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா சென்று 'கன்டி' ஆயிற்று. நம்மிடம் 'கற்கண்டு' ஆயிற்று. 'சீனி' என்ற பெயரோ சீன நாட்டைச் சுட்டி நிற்கின்றது. அதாவது வீட்டிற் காய்ச்சியவற்றுக்குப் பழம்பெயர்களும், கடையில் வாங்கியதற்கு அயல்நாட்டின் பெயரும் வழங்குகின்றன. ஆங்கிலேயர் 'மொலாசஸ்' என வழங்குவது போர்த்துக்கேய மொழிவழி வந்த சொல். அதன் இலத்தீன் மூலம் தேனைக் குறிக்கும். இனிப்புக்குப் பெயரிடப் புகுந்த மேனாட்டாரும் தேனையே அளவுகோலாகக் கொண்டனர் போலும்.

தமிழகத்துச் சான்றுகளிற் கரும்பே முன்னிற்கின்றது. கரும்பாலைகளின் வெப்பத்தால் அயலிலுள்ள நெய்தற் பூ வாடியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொணர்ந்தோராகப் புறநானூற்றிற் புகழப்படுகின்றனர். ஆயினும் ஆலையமைத்துக் கரும்பாட்ட வயலும் நீரும் மாடும் வேண்டும். எனவே அது நிலமுடையோரின் இனிப்பு. மணலிலும் வறட்சியிலும் வாழ்ந்தோருக்கு உதவியது பனை. யாழ்ப்பாணம், மன்னார் போல மட்டக்களப்பு பனை அடர்ந்த நாடன்று. கிழக்குக் கரையிற் பனையோடு தென்னையும் சேர்ந்தே நிற்கின்றது. தென்னம்பாளையும் பாணி தரும். தொழில்முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

அத்தொழில்முறையை இங்கு சற்று விரிவாகக் கூறுதல் தகும். பொருளாதார நூல்கள் தாண்டிச்செல்லும் இடம் இதுவே. பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் சீவி, கீழே முட்டியைக் கட்டுவர். வடியும் சாறு மரத்திலேயே புளிக்கத் தொடங்கும். காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதனைக் கள்ளாக்கிவிடும். இதனைத் தடுப்பது முட்டியின் உட்புறத்திற் பூசப்படும் சுண்ணாம்பு. சுண்ணாம்பு இட்டாற் கருப்பநீர், இடாவிட்டாற் கள். மரம் ஒன்று, ஏறுபவர் ஒருவர், முட்டியும் ஒன்று. ஒரு விரற்கடைச் சுண்ணாம்பே இரண்டு பொருளாதாரங்களைப் பிரித்து நிறுத்தியது.

சுண்ணாம்பின் பணி அத்துடன் முடிவதில்லை. புளிப்பேறிய சாற்றிலுள்ள சீனி, காய்ச்சும்போது இருவேறு எளிய சர்க்கரைகளாகப் பிரிந்துவிடும். பிரிந்தது எவ்வளவு காய்ச்சினும் கட்டியாகாது, பாணியாகவே நிற்கும். சுண்ணாம்பு புளிப்பை மாற்றிச் சீனியைச் சீனியாகக் காக்கின்றது. ஆகவே நல்ல சாறு பனங்கட்டியாயிற்று. சற்றுப் பிழைத்த சாறு பாணியாயிற்று. இவ்வேதியியலை எவரும் நூலிற் கற்கவில்லை. காய்ச்சிய பெண்கள் மணத்தாலும் நிறத்தாலும் அதனை அறிந்திருந்தனர்.

சாற்றைத் தெளியவிட்டு வடித்து, அகன்ற தாச்சியிற் காய்ச்சுவர். ஏறத்தாழ எட்டு லீற்றர் சாற்றுக்கு ஒரு கிலோ கட்டி கிடைக்கும், எஞ்சியதெல்லாம் ஆவி. அந்த ஆவிக்குரிய விறகைத் தேடிச் சுமந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை. கொதி ஏற ஏற நுரை பொங்கும். பொங்கி வழியாமலிருக்கத் தமிழகத்தில் இடித்த ஆமணக்கு விதையையும், வேறு சிலவிடங்களிற் தேங்காய்த் துருவலையும் இடுவர். துளி பாகைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பர். கரைந்தால் இன்னும் காலமுண்டு. விரலிடையே உருண்டால் இறக்கவேண்டும். இறக்கிய பாகைக் கிளறி, ஓலையால் இழைத்த சிறு குட்டான்களில் ஊற்றினாற் பனங்கட்டி. கட்டியாகுமுன் நிறுத்திய பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, ஒரு மாதத்துக்கு மேல் அசைக்காது வைத்தாற் கல்லாக்காரம் எனப்படும் பனங்கற்கண்டு நூலைப் பற்றி விளையும். விளைந்தது போக எஞ்சும் கருங்குழம்புதான், பொருளளவில், மேனாட்டார் கூறும் மொலாசஸ். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பனாட்டைப் பாணியில் ஊறவைத்துப் பாணிப்பனாட்டு செய்து, மாதக்கணக்கில் வைத்திருந்தனர். தேனில் இறைச்சி இட்ட வேடரின் அறிவும் இதுவும் ஒரே குடும்பத்தன.

மேலைநாட்டு வீடுகளில் மொலாசஸைக் காய்ச்சி இழுத்துச் செய்யும் மிட்டாயும், கொதிபாகிற் சோடாவைத் தூவிப் பொங்கவைத்துச் செய்யும் பஞ்சுபோன்ற மிட்டாயும் 'பழங்காலத்து' இனிப்புகள் எனப் பாராட்டப்படுகின்றன. பிந்தியதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர்களுள் ஒன்று 'தேனடை' என்னும் பொருளுடையது. ஆயினும் சமையற் சோடா தொழிற்சாலைப் பொருளாக வீடுகளை எட்டியது 19ஆம் நூற்றாண்டிலேதான். அதற்கு முன் அவ்வினிப்பு இருந்திருக்க வழியில்லை. பொங்கிய பாகை அசையாது ஆறவிட்டால் வாயு வெளியேறிய துளைகள் அப்படியே உறைந்து நின்றுவிடும். பனஞ்சாறு காய்ச்சுபவள் அடக்கப் பாடுபட்ட நுரையையே இவர்கள் வேண்டி அழைக்கின்றனர்.

அதே வாயு நம் அடுக்களைக்கும் புதிதன்று. அப்பமாவைப் புளிக்கவைக்க முற்காலத்தில் ஊற்றியது கள். கள்ளின் நுண்ணுயிர் எழுப்பும் வாயுவால் அப்பம் துளைத்துளையாகப் பொங்கியது. பின்னர்க் கள்ளின் இடத்தைச் சோடா பிடித்தது. 'அப்பச்சோடா' என்ற பெயரே அதற்குச் சாட்சி. சுண்ணாம்பிடாத முட்டி அப்பத்துக்கும், சுண்ணாம்பிட்ட முட்டி அதனோடு உண்ணும் சர்க்கரைக்கும் உதவிய காலத்தில், ஒரு மரம் ஒரு வீட்டின் காலையுணவை முழுமையாக்கியது எனலாம்.

இவ்வளவு விரிந்த ஒரு தொழில் ஏன் ஏடுகளிற் காணப்படவில்லை? விடை எளிது: அதனால் அரசுக்கு வருவாயில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பிரித்தானிய அரசுக்குச் சாராயக் குத்தகை முக்கிய வருமானங்களுள் ஒன்றாக விளங்கியது. குத்தகைத் தொகை, குத்தகைதாரர், கள்ளுத்தவறணை, வழக்கு என அனைத்தும் பதிவாயின. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் குத்தகை முறைக்குப் பதிலாகப் புதிய ஒழுங்கைக் கொணர்ந்தபோதும் அதன் கண் கள்ளின்மீதே இருந்தது. வில்லியம் பேர்குசன் 1850இற் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூல் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. எனினும் கள்ளாயின் ஏட்டில் ஏறும், பாணியாயின் வாயோடு போகும் என்பதே பொதுவிதி. இதன் விளைவாக மரமேறுவோர் வரலாற்றிற் கள் விற்போராக மட்டும் தோன்றினர். அவர்தம் வீட்டுப் பெண்கள் தோன்றவேயில்லை. சமூகம் அவர்கள்மீது சுமத்திய இழிவுக்கு இப்பதிவுமுறையும் துணைபோயிற்று என்றே கொள்ளவேண்டியுள்ளது. சாதியின் பெயரால் அவர்களை வாசலில் நிறுத்திய வீடுகள், அவர்கள் காய்ச்சிய கட்டியை மட்டும் உள்ளே எடுத்துச் சென்றன.

கடலுக்கு அப்பால் இதற்கொரு மாற்றுச் சான்று கிடைக்கின்றது. 1937 ஒக்டோபரிற் சேலம் மாவட்டத்தில் இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கைக் கொணர்ந்தபோது, மரமேறிகளின் பிழைப்புக்குப் பனைவெல்லமே மாற்றாக எண்ணப்பட்டது. முட்டியிற் சுண்ணாம்பு உண்டா என்பது அப்போது சட்டத்தின் வினாவாயிற்று. பெண்களின் கைப்பக்குவம் அரசின் ஏட்டிலே ஏறிய அரிய வேளை அது.

இலங்கையில் நிகழ்ந்தது வேறு. 1960ஐ ஒட்டிக் கந்தளாயிலும் கல்லோயாத் திட்டத்தின்கீழ் கிங்குராணையிலும் அரசு கரும்பாலைகளை நிறுவியது. வாகரைக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. ஆலையில் வெள்ளைச் சீனியே விளைவு; பாணி கழிவு. அக்கழிவு வடிசாலைக்குச் சென்று மதுவாயிற்று. கிராமத்து அடுப்பு கள்ளாகாமற் காத்த இனிப்பை ஆலை தானே மதுவாக்கியது என்பது கசப்பான முரண். கந்தளாய் ஆலை 1993இல் மூடப்பட்டது. கிங்குராணை ஆலையும் 1990களில் நின்று, பல ஆண்டுகளின் பின்னரே மீண்டும் இயங்கலாயிற்று. அதற்குள் பங்கீட்டுச் சீனியும் இறக்குமதிச் சீனியும் வீட்டுப் பாணியை மூலையில் ஒதுக்கிவிட்டன.

எனினும் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் பழைய தாச்சி தேடப்பட்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளிற் சீனிக்கு வரிசையில் நின்றோர், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்தினர். 1978இற் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போதும் அக்கட்டியே கைகொடுத்தது.

வாகரைக்கோ தட்டுப்பாட்டினும் கொடியவை வந்தன. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்தது. ஏறத்தாழ ஈராண்டின் பின், 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் நிகழ்ந்த போரில் ஆயிரக்கணக்கானோர் காட்டுவழியாகவும் களப்புவழியாகவும் தெற்கு நோக்கி வெளியேறினர். அத்தகைய பயணத்தில் எவரும் தாச்சியைச் சுமப்பதில்லை. மரத்தையோ சுமக்கவே இயலாது. மீண்டு வந்த ஒருவர் அவ்வாண்டே முற்றத்திற் பனம்விதையொன்றை ஊன்றியிருப்பினும், அது பாளைவிடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். அதுவும் ஆண்பனையா பெண்பனையா என்பது அன்றுதான் தெரியவரும்.