யொசெமிற்றியிலிருந்து மன்சனார் வரை

ஐக்கிய அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுள் தேசியப் பூங்காக்கள் மிக அதிகமாக உள்ளது கலிபோர்னியாவில்தான். ஒன்பது பூங்காக்கள் அங்குள்ளன. அவற்றைப் பராமரிக்கும் தேசியப் பூங்காச் சேவையே பல வரலாற்றுத் தலங்களையும் பாதுகாத்து வருகிறது. 2025 செப்டெம்பரில் அம்மாநிலத்தில் வாழும் என் மருமகனுடன் சில நாட்கள் தங்கியிருந்தபோது, இவற்றுள் மூன்று இடங்களைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. இயற்கை எழிலைக் காணவே புறப்பட்டேன். ஆயினும் பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் கழித்தவனுக்குக் கண் முதலில் எழுத்தின் மீதுதான் விழுகிறது. "மலையைப் பாருங்கோ மாமா, பலகையைப் பிறகு வாசிக்கலாம்" என்று மருமகன் பலமுறை கடிந்துகொண்டான்.

முதலிற் சென்றது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள அல்கட்ராஸ் தீவு. 1934 முதல் 1963 வரை அங்கு இயங்கிய சிறைச்சாலையைப் பார்க்கவே பெரும்பாலானோர் வருகின்றனர். என்னைக் கவர்ந்தது அதன் பின்னைய வரலாறு. 1969 நவம்பர் 20 அன்று செவ்விந்திய இளைஞர்கள் அத்தீவைக் கைப்பற்றி, 24 டொலர் பெறுமதியான கண்ணாடி மணிகளும் சிவப்புத் துணியும் தந்து அதனை வாங்கத் தயார் என அறிவித்தார்கள். வெள்ளையர் தம் முன்னோரிடம் நிலம் வாங்கிய விதத்தை எள்ளி நகையாடிய அறிவிப்பு அது. பத்தொன்பது மாதங்களின் பின், 1971 ஜூனில், அரசு அவர்களை வெளியேற்றியது. அவர்கள் நீர்த்தாங்கியில் எழுதிய வாசகங்கள் காலத்தால் மங்கியபோது, அவற்றை அழித்துவிடாமல் மீண்டும் தீட்டுவித்தது அதே அரசின் பூங்காச் சேவை. இதை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்தது யொசெமிற்றி. 1864இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஜனாதிபதி ஏப்ரகாம் லிங்கன் இப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென ஒதுக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். 1890இல் யொசெமிற்றி தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே, 1851இல், தங்கம் தேடி வந்தோரின் நலன்காக்கத் திரட்டப்பட்ட ஆயுதப்படை ஒன்று உள்ளே புகுந்து, அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளின் குடியிருப்புகளுக்குத் தீயிட்டிருந்தது. அவர்களது தலைவர் தெனாயா. மலைமீதுள்ள ஏரியொன்றுக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டு, அதை அவரிடமே பெருமையுடன் கூறினார்களாம். அந்த ஏரிக்கு ஏற்கனவே பெயர் உண்டு என்று அவர் பதிலளித்ததாக அப்படையில் இருந்த ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். நிலத்தைப் பறித்தவர்கள் பெயரைத் தானமாகக் கொடுத்தார்கள். அந்த ஏரிக்கரையில் வாகனத்தை நிறுத்திச் சற்று நேரம் நின்றோம்.

ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் உள்ள தியோகா கணவாயைக் கடந்து, மலைத்தொடரின் கிழக்குப் புறத்தால் தெற்கு நோக்கிப் பயணித்து மன்சனாரை அடைந்தோம். மன்சனார் என்பது ஆப்பிள் தோட்டம் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல். இங்கு வாழ்ந்த பையூட் மக்களை 1863இல் இராணுவம் வெளியேற்றியது. பின்னர் வந்து பழத்தோட்டம் வைத்தோரும், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தண்ணீருக்காகக் காணிகளை வாங்கியபோது அகன்றனர். மூன்றாவதாக வந்தவர்கள் கைதிகள்.

பேர்ள் துறைமுகத் தாக்குதலின் பின், 1942 பெப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் இலக்க ஆணையின் விளைவாக, ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் பத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். மன்சனாரில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் இருந்தனர். முட்கம்பி வேலி, எட்டுக் காவற் கோபுரங்கள், 20 அடிக்கு 25 அடி அறையில் எட்டுப் பேர். 1942 டிசெம்பரில் கூட்டத்தின் மீது படையினர் சுட்டதில் இருவர் மாண்டனர்.

இம்முகாமுக்குள் ஒரு பத்திரிகையும் வெளிவந்தது. அதன் பெயர் 'மன்சனார் ஃபிரீ பிரஸ்'. அதிகாரிகளின் மேற்பார்வையில், முட்கம்பிக்குள் அச்சாகிய 'சுதந்திரப் பத்திரிகை'! தணிக்கையின் கீழ்ப் பணியாற்றியவன் என்ற வகையில் அப்பெயர் எனக்குச் சிரிப்பையும் வேதனையையும் ஒருங்கே தந்தது. புகைப்படக் கருவி தடைசெய்யப்பட்டிருந்தபோதும், டொயோ மியாத்தாகே என்ற கலைஞர் வில்லை ஒன்றை மறைத்துக் கொண்டுவந்து, மரப்பெட்டியில் பொருத்திப் படமெடுத்தார். அவையே இன்று சான்றுகள்.

1945 நவம்பரில் முகாம் மூடப்பட்டது. கட்டடங்கள் பெரும்பாலும் பிரித்தகற்றப்பட்டன. 1969 முதல் ஆண்டுதோறும் இங்கு யாத்திரை வந்தவர்களின் விடாமுயற்சியே இதனை மறதியிலிருந்து மீட்டது. 1988இல் அரசு மன்னிப்புக் கோரி, உயிருடனிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டமியற்றியது. 1992இல் மன்சனார் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. மயானத்தில் கைதிகளே 1943இல் எழுப்பிய வெண்ணிறத் தூபியின் அடியில் காகித நாரைகள் கிடந்தன.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடிக்கப்பட்டதும், எதிர்ப்பின் பின் அது மீண்டும் கட்டப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவை. அந்த நினைவோடு நின்ற எனக்கு, தன் தவறைத் தானே பலகையில் எழுதும் அரசு பெரிதாகத் தோன்றியது. ஆனால் திரும்பும் வழியில் வேறொரு பலகை கண்ணிற்பட்டது. 2025இல் வந்த உத்தரவின்படி பூங்காக்கள் தோறும் வைக்கப்பட்ட அறிவிப்பு அது. அமெரிக்கர்களை இழிவாகக் காட்டும் வாசகங்களைக் கண்டால் தெரிவிக்குமாறு வருகையாளரைக் கேட்டது. எழுதப்பட்ட வரலாறும் எந்நேரமும் அழிக்கப்படலாம் என்பதை அங்கே உணர்ந்தேன்.

மருமகன் தன் கைத்தொலைபேசியில் அப்படிவத்தைத் திறந்து தந்தான். ஒரேயொரு வரியை எழுதி அனுப்பினேன்: "எதையும் நீக்காதீர்கள், எல்லாவற்றையும் வாசித்தேன்."