அஞ்சல் தலையில் ஒரு பருத்திக்காட்டுப் பெண்

கடித உறையின் மூலையில் ஒட்டப்படும் சிறு தாள்தான் அஞ்சல் தலை. ஆயினும், ஒரு நாடு தன் பிள்ளைகளுள் யாரை மறக்கக் கூடாது என்று எண்ணுகிறது என்பதை அச்சிறு தாளில் படித்தறியலாம். அமெரிக்க அஞ்சல் துறை 2013 ஆகஸ்ட் 23ஆம் நாள் வெளியிட்ட ஒரு நினைவு அஞ்சல் தலையை இன்று பார்ப்போம். வெள்ளுடை அணிந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர், தாழ்ந்து வரும் பந்தை எதிர்கொள்ளக் குனிந்து மட்டையை நீட்டுகிறார். அவர்தான் டென்னிஸ் வீராங்கனை அல்தியா கிப்சன்.

தென் கரோலினா மாநிலத்தில், சில்வர் என்னும் சிற்றூரில், 1927 ஆகஸ்ட் 25ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர்கள். உலகப் பொருளாதார மந்தம் வந்தது, பிழைப்பு கெட்டது. 1930இல் குடும்பம் நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டுகளில்தான் ரப்பர் விலையும் சரிந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பருத்திக்காடும் பால்மரக்காடும் கடல்களுக்கு அப்பால் இருந்தும், ஏழையின் அடுப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே அணைந்தது.

அக்காலத்தில் டென்னிஸ் வசதி படைத்தோரின் ஆட்டம். நம் தோட்டங்களிலும் அது துரைமாருக்கு உரியது. எல்லை தாண்டிய பந்தைப் பொறுக்கிக் கொடுப்பதே லயத்துப் பிள்ளைகளின் பங்கு என்று சுங்கை ஊடாங் வட்டாரப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஹார்லத்திலோ, ஒரு தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை விளையாட விட்டனர். கட்டை மட்டையால் ஆடும் சிறுவகை டென்னிஸை அல்தியா அங்கே பழகி, 1939இல், தம் 12ஆம் வயதில், நகரப் பட்டத்தை வென்றார். அவர் திறமையைக் கண்ட அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து, 1940இல் ஒரு டென்னிஸ் கழகத்தில் அவரைச் சேர்த்துவிட்டனர்.

திறமை இருந்தும் கதவு திறக்கவில்லை. கறுப்பினத்தார் தமக்கென நடத்திய போட்டிகளில் 1947 முதல் 1956 வரை, தொடர்ந்து 10 ஆண்டுகள் மகளிர் பட்டம் அவருடையதே. ஆனால் அமெரிக்காவின் தேசியப் போட்டியில் கறுப்பினத்தார் எவரும் அதுவரை ஆடியதில்லை. 1950 ஜூலையில், முன்னாள் வாகையர் ஆலிஸ் மார்பிள் என்னும் வெள்ளையினப் பெண்மணி ஓர் இதழில் இந்த அநீதியை வெளிப்படையாகக் கண்டித்தார். அவ்வாண்டே அல்தியாவுக்கு இடம் கிடைத்தது.

1953இல் பட்டம் பெற்ற அவர், நம்மைப் போலவே ஆசிரியப் பணி புரிந்தார்; கல்லூரியில் உடற்கல்வி கற்பித்தார். 1954இல் நாகர்கோவிலில் பிறந்த தமிழர் இராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியரானார். அதற்கு அடுத்த ஆண்டு அல்தியா பர்மா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு நல்லெண்ணப் பயணமாக வந்து ஆடினார். பின்னர் 1956இல் பிரெஞ்சுப் பட்டமும், 1957, 1958 ஆகிய ஈராண்டும் விம்பிள்டன் பட்டமும் அமெரிக்கப் பட்டமும் அவர் வசமாயின. விம்பிள்டன் பரிசை 1957இல் அரசியார் இரண்டாம் எலிசபெத்தே வழங்கினார்.

ஆனால் அந்நாளில் வெற்றிக்குப் பரிசுப் பணம் இல்லை, கோப்பை பசியாற்றாது. முதுமையில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. பழைய இரட்டையர் இணை ஏஞ்சலா பக்ஸ்டன் பலரிடம் கேட்டு உதவி திரட்டினார். 2003 செப்டம்பர் 28ஆம் நாள் அல்தியா மறைந்தார்.

இந்த அஞ்சல் தலையின் படத்தை வகுப்பில் காட்டியபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, அவங்க உயிரோட இருந்தப்பவே இதைக் கொடுத்திருக்கலாமே?" என்றாள். இறந்த பின்னரே ஒருவர் உருவத்தை அஞ்சல் தலையில் பொறிப்பது அந்நாட்டின் நெடுங்கால வழக்கம் என்று விடை சொன்னோம். விடை சரிதான், ஆனால் அவள் கேட்டது வழக்கத்தைப் பற்றி அன்று.

நேயர்களே, அஞ்சல் தலை வெளியிடுவது அரசின் வேலை. அது நம் கையில் இல்லை. ஆனால் ஹார்லத்து ஏழைகள் சேர்த்த காசு, அந்த அஞ்சல் தலைக்கு 73 ஆண்டுகள் முந்தியது. நம் பள்ளித் திடலிலும் காலணியின்றி ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சோடிக் காலணியும், போட்டிக்குப் போய்வர வண்டிச் செலவும் அவர்களுக்கு இன்று வேண்டும். அதைக் கொடுக்க நாம் எவரையும் கேட்க வேண்டியதில்லை.