புட்டியில் விற்ற தூக்கம்

உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் புட்டியின் மேல் ஒரு படம் இருக்கும். கொழுகொழுவென்று ஒரு குழந்தை, இரண்டு கையிலும் பாம்பைக் கழுத்தோடு பிடித்து நெரித்துக்கொண்டிருக்கும். காளிங்கன் கதை கேட்டு வளர்ந்த கண்ணுக்கு அது குட்டிக் கண்ணனாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை. உண்மையில் அவன் ஹெர்குலிஸ். தன்னைக் கொல்ல வந்த இரண்டு பாம்புகளைத் தொட்டிலில் கிடந்தபடியே கொன்றதாகக் கிரேக்கப் புராணம் சொல்கிறது. புட்டிக்காரர்களுக்கு அந்தப் பாம்புகள் வயிற்றுவலி. வாங்கிப்போகும் தாய்க்கு அவை வேறு: நடுராத்திரி இரண்டு மணிக்குத் தொடங்கி விடியும்வரை நிற்காத அழுகை.

அந்தப் புட்டி பிறந்த ஊர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹம், ஆண்டு 1851. தயாரித்தவர் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர். ஆனால் அந்த ஊரில் குழந்தையைத் தூங்கவைக்கும் புட்டி அதற்கு வெகுகாலம் முன்பே விற்பனைக்கு வந்துவிட்டது. கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

பழைய புட்டியின் பெயர் காட்ஃப்ரீஸ் கார்டியல். ஹெர்ட்ஃபர்ட்ஷையரைச் சேர்ந்த தாமஸ் காட்ஃப்ரீ என்பவர் பெயரில் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் கறுத்த பாகு, தண்ணீர், வாசனைக்கு சாசஃப்ராஸ் என்ற மரத்தின் சத்து, இவற்றோடு அபின். செய்முறைக்கு ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை, காய்ச்சுகிறவர் கைக்கு ஏற்றபடி அபின் கூடும், குறையும். ஒரு கடையில் வாங்கிப் பழகிய தாய் அடுத்த தெருக் கடையில் வாங்கி அதே அரைக் கரண்டி கொடுத்தால் குழந்தை எழுந்திருக்காமலே போகலாம். இன்னொரு ஆபத்தும் இருந்தது. புட்டியை அசைக்காமல் வைத்தால் அபின் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை ஒரு வாரம் குடித்து ஒன்றும் ஆகாத குழந்தைக்குக் கடைசிக் கரண்டியில்தான் விஷம் காத்திருக்கும்.

இப்படியொன்றை ஏன் கொடுத்தார்கள்? அறியாமை, வேறென்ன என்று அன்றைய கனவான்கள் பலர் முடித்துக்கொண்டார்கள். 1843-ல் வெளிவந்த அரசாங்க விசாரணை அறிக்கையைப் படித்தால் அந்தப் பதில் நிற்கவில்லை. சிறுவர் வேலை பற்றி விசாரிக்க அமைத்த அந்த ஆணையம் நாட்டிங்ஹம் லேஸ் தொழிலையும் விசாரித்தது. லேஸ் வலையை இயந்திரம் நெய்துவிடும். அதன்மேல் பூவேலை செய்வது பெண்கள், வீட்டில் உட்கார்ந்து, ஊசியும் நூலுமாக. கூலி துண்டுக்கு இவ்வளவு என்று. ஊசி நின்றால் காசு நின்றது.

ஆணையத்தின் முன் ஓர் இளம் பெண் சாட்சி சொன்னாள். கல்யாணம் ஆகாதவள், 1841 நவம்பரில் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப் பணமில்லை. பிறந்த ஒரே வாரத்தில் நாளுக்கு இரண்டு வேளை அரைத் தேக்கரண்டி கார்டியல் கொடுக்கத் தொடங்கினாள். அழுகை ஓய்ந்தது, வேலை நடந்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று கூட்டிக்கொண்டே போய் முழுக் கரண்டியானது. நாலாவது மாதத்தில் குழந்தை நோஞ்சானாகிவிடவும், அக்கம்பக்கத்தார் லாடனம் கொடுக்கச் சொன்னார்கள். லாடனம் என்பது அபினைச் சாராயத்தில் கரைத்தது. அரைப் பென்னிக்கு வாங்கினால் இரண்டு நாள் வரும். சாட்சி சொன்ன நாளில் லாடனம் அரைப் பென்னிக்கும் கார்டியல் அரைப் பென்னிக்கும் கலந்து வாங்கி மூன்று நாள் ஓட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தப் பலமுறை பார்த்தாளாம். நிறுத்தினால் குழந்தை கத்தும், வேலை ஓடாது, தின்ன எதுவும் இருக்காது. மருந்து என்ன செய்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. விசாரிக்க வந்தவர்களைவிட அவளுக்குத்தான் தெளிவாகத் தெரிந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அபின் குழந்தையைக் கொல்வது அளவு தப்பினால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அது பசியையும் சேர்த்துத் தூங்கவைக்கும். பால் கேட்டு அழாத குழந்தைக்கு யாரும் பால் கொடுப்பதில்லை. உடல் வற்றி, தோல் சுருங்கி, முகத்தில் கிழட்டுக் களை படிந்து மெல்லச் செத்துப்போகும் குழந்தைகளைச் சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தார்கள். இறப்புப் பதிவேட்டில் 'பலவீனம்', 'வலிப்பு' என்று எழுதினால் கணக்கு முடிந்தது. அபின் என்றே வெளிப்படையாகப் பதிவானவை மட்டும், 1863 முதல் 1867 வரை, ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட 235 குழந்தைகள். 1868-ல் மருந்துக்கடைச் சட்டம் வந்தது. அபினை விற்பதானால் 'விஷம்' என்று ஒட்டி விற்க வேண்டும் என்றது. காப்புரிமை மருந்துகள் என்ற பெயரில் புட்டியில் வருபவற்றுக்கு அதில் தப்பிக்க வழி விட்டும் வைத்தது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதே வியாபாரம் இன்னும் பளபளப்பாக நடந்தது. மெய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரில் 1849-ல் மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப் சந்தைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தைக்கு என்று விற்றார்கள். விளம்பர அட்டைகளில் மலர்ந்த தாய்மார்கள், ரோஜாக் கன்னக் குழந்தைகள். உள்ளே அவுன்சுக்கு 65 மில்லிகிராம் மார்ஃபின். அந்தப் பெயருக்கு இருந்த புகழுக்கு ஓர் அத்தாட்சி: இங்கிலாந்தின் பெரிய இசைமேதை எட்வர்ட் எல்கர் இளவயதில் ஊதுகருவிக் குழுவுக்காக எழுதிய ஒரு மெதுவான இசைத்துண்டுக்கு விளையாட்டாக இந்தச் சிரப்பின் பெயரையே வைத்தார். 1906-ல் அமெரிக்கா கொண்டுவந்த உணவு, மருந்துச் சட்டம் உள்ளே இருப்பதைப் புட்டியில் எழுதச் சொன்னது. 1911-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்தச் சிரப்பைக் குழந்தைகொல்லி என்றே பட்டியலிட்டது. அதற்குப் பிறகும் சிரப் 1930 வரை விலைபோனது.

இங்கிலாந்துக் குழந்தை குடித்த அபினில் பெரும்பகுதி துருக்கியிலிருந்து போனது. நம் நாட்டு அபின் சீனாவுக்குக் கப்பலேறியது. ஆனால் எல்லாமே கப்பலேறிவிடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைபார்த்த பெண்களின் பேறுகாலத்தைப் பற்றி ஆராய 1920-களின் தொடக்கத்தில் பம்பாய் அரசாங்கம் டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவரை நியமித்தது. ஆலைத் தொழிலாளிப் பெண்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 98 பேருக்கு அபின் கொடுக்கப்படுவதாக அவர் எழுதினார். மாத்திரையின் பெயர் பாலகோலி. பெயரே 'பிள்ளை மாத்திரை' என்றுதான் பொருள்படும். தாய் ஆலைக்குள் பத்துப் பதினொரு மணி நேரம் நிற்கிறாள். பிள்ளை சாளில், அந்த ஒற்றை அறையில் தூங்குகிறது. நாட்டிங்ஹமுக்கும் பம்பாயின் ஆலைப் பகுதியான பரேலுக்கும் நடுவே எண்பது வருஷமும் ஒரு சமுத்திரமும் கிடந்தன. காரணம் மட்டும் மாறவே இல்லை.

தமிழ் வீடுகளில் இந்த வேலையைச் செய்தது உரைமருந்து. சிறிய உரைகல்லில் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டு வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் எண்ணி இத்தனை இழைப்பு என்று உரசி, வழித்து நாக்கில் தடவுவார்கள். 'ஜாதிக்காய் ஒரு இழைப்புக்கு மேலே போகாதேடி' என்று எச்சரிக்கும் பாட்டிக்கு அதன் மயக்கும் குணம் தெரிந்திருந்தது. ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு என்பதை இன்றைய மருத்துவமும் சொல்கிறது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும், ராத்திரியில் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் 'பேர் சொல்லா மருந்து' என்றும் பெயர். அந்த வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968-லேயே அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடைபோட்டுவிட்டது. ஆக, பாட்டி வைத்தியம் என்பதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. உரைகல்லுக்கு ஒரே ஒரு நன்மை உண்டு. கையால் உரசுவதில் நேரம் பிடிக்கும், அளவு கண்ணுக்குத் தெரியும். புட்டியைச் சாய்க்க ஒரு நொடி போதும்.

இப்போது உட்வர்ட்டுக்கு வரலாம். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் அப்போது மலேரியா உண்டு. அந்தக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த கலவை அவர்கள் வயிற்றையும் சாந்தப்படுத்துவதைக் கவனித்து அவர் தன் தயாரிப்பை உருவாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், டில் என்ற விதையின் எண்ணெய். டில் என்றதும் சீமைச் சரக்கு என்று தோன்றும். நம் நாட்டுமருந்துக் கடையில் 'சதகுப்பை' என்று கேட்டால் மடித்துக் கொடுப்பது அதே இனத்து விதைதான். அபின் இல்லை. அது பெரிய விஷயம்தான். ஆனால் சாராயம் இருந்தது, 3.6 சதவீதம். பின்னாளில் ஒரு மருத்துவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்: புட்டியில் சொன்ன உச்ச அளவைக் குழந்தைக்குக் கொடுப்பது, 80 கிலோ எடையுள்ள பெரியவர் ஐந்து முறை விஸ்கி ஊற்றிக் குடிப்பதற்குச் சமம். குழந்தை ஏன் சமாதானமாகித் தூங்கிற்று என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. பிரிட்டனில் அந்தச் சாராயம் கிரைப் வாட்டரைவிட்டு வெளியேற 1992 ஆனது. அடுத்த ஆண்டே, அங்கீகாரம் பெறாத மருந்து என்று சொல்லி அமெரிக்கா அதன் இறக்குமதியை நிறுத்தியது.

1876-ல் கிரைப் வாட்டர் என்ற பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவுசெய்திருந்தார் உட்வர்ட். பாட்டி அம்மாவுக்குச் சொன்னாள், அம்மா எனக்குச் சொன்னாள் என்ற பொருளில் ஒரு விளம்பர வாசகமும் சேர்ந்தது. வியாபாரத்தில் அதைவிடச் சாமர்த்தியமான வரி அபூர்வம். மருத்துவர் பெயர் இல்லை, ஆராய்ச்சி இல்லை. பாட்டி சொன்னால் போதும். நம் நாட்டில் இதை விற்றுவருவது டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-ல் சென்னையில் தொடங்கிய டிடிகே குழுமம். தொலைக்காட்சி வந்தபோது அதே பாட்டிச் சங்கிலி தமிழ் பேசியது: அழும் குழந்தை, கைபிசையும் தாய், அவளுக்கு யோசனை சொல்லும் அவள் தாய், அவளுக்கும் மூத்தவள். உரைகல் பிடித்த பாட்டியின் கையில் புட்டியைக் கொடுத்துவிட்டது விளம்பரம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாட்டிகள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ராத்திரி ரயில் பயணத்தில் பிள்ளை தூங்குவதற்கென்று ஒவ்வாமைச் சிரப்பைப் பையில் போட்டுக்கொள்ளும் படித்த வீடுகளும் அவர்களைப் பற்றிப் பேச முடியாது. அந்த வகையில் பெயர்போன ப்ரோமெதசீனை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு நின்றுவிடலாம் என்று 2004-ல் அமெரிக்கா கட்டம் கட்டி எச்சரித்தது.

மருந்தைத் தடுத்த சட்டங்கள் ஒரு பக்கம் இருக்க, அழுகைக்கு வேறு வழி தேடிய சட்டங்களின் வரலாறு தனி. நம் நாட்டின் 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அதை 30 ஆக இறக்கினார்கள். இலங்கையின் மலையகத்தில் இதற்குத் தமிழிலேயே ஒரு பெயர் உண்டு: பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் பெண் விடியலில் பிள்ளையை அங்கே விட்டுப்போவாள். வரிசையாகச் சேலை ஏணைகள், ஆட்டிவிட ஒரு ஆயாம்மா. பால் கொடுக்க மலையிறங்கி வந்து திரும்ப ஏறவேண்டும். தோட்டத்துக்கு வேண்டியது அவள் கை, அதற்காகத்தான் காம்பரா. அப்படியே இருந்தாலும் அபினைவிட ஆயாம்மா ஆயிரம் மடங்கு மேல்.

நம் நாட்டில் 2017-ல் திருத்திய பேறுகாலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவர விடவேண்டும் என்றது. கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996-ல் ஒரு சட்டம் வந்தது; அதிலும் 50 பெண்களுக்கு மேல் இருந்தால்தான் காப்பகம். ஐந்தாறு சித்தாள்கள் வேலைபார்க்கும் இடத்துக்கு எந்த எண்ணும் பொருந்தாது. அங்கே பூசாத இரண்டு தூண்களுக்கு நடுவே பழைய சேலையில் தூளி தொங்கும். தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மணல் சலிக்கும் தாயின் கால் கட்டைவிரலில் இருக்கும். சல்லடை ஆடும்போது காலும் ஆடுகிறது. சல்லடையைத் தட்ட அவள் நிறுத்தினால் தூளியில் முனகல் தொடங்குகிறது.