திரியின் இடத்துக்கு வந்த கம்பி

1830களில் ஃபிலடெல்ஃபியாவின் வேதியியல் பேராசிரியர் ராபர்ட் ஹேர், வெடிமருந்துக்குள் மெல்லிய கம்பியைப் புதைத்து, மின்சாரம் பாய்ச்சிப் பற்றவைத்துக் காட்டினார். நெருப்பு வைக்கிறவர் நெருப்பின் அருகில் நிற்க வேண்டியதில்லை என்பது அன்றே உறுதியாகிவிட்டது.

மாதிரி ராக்கெட்டுக்கு வாய்த்த கம்பி அதற்கு வெகுகாலம் பிந்திப் பிறந்தது. ஏறக்குறைய நான்கு பங்கு நிக்கலும் ஒரு பங்கு குரோமியமும் கலந்த நிக்ரோமுக்கு 1906இல் அமெரிக்கர் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்றார். செக்கச் சிவந்து எரிந்தாலும் காற்றில் சட்டென்று அரிபடாது. அதனால் ரொட்டி வாட்டும் டோஸ்டருக்குள் குடிபுகுந்தது. அது உருகச் சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும். மாதிரி ராக்கெட்டின் மோட்டாரில் அடைக்கும் கருமருந்து பற்ற அதில் பாதிகூட வேண்டாம்.

1954இல் நெப்ராஸ்காவின் நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை நடத்திய ஆர்வில் கார்லைல், தம் சகோதரரோடு சேர்ந்து, பாராசூட்டில் இறங்கும் சிறு ராக்கெட்டைச் செய்தார். 1957இல் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைனின் கட்டுரையைப் படித்து அந்த ராக்கெட்டை அவருக்கு அனுப்பினார். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்தது; ராக்கெட் ஆசை பையன்களையும் பற்றிக்கொண்டது. இரும்புக் குழாயில் கண்ட மருந்தையும் அடைத்த பையன்கள் விரல்களை இழந்துகொண்டிருந்த காலம். மருந்தைத் தொழிற்சாலை அடைக்கட்டும், பையன் எட்ட நின்று மின்சாரத்தால் ஏவட்டும் என்பதே ஸ்டைனும் அவரைப் போன்றோரும் வகுத்த வழி. டென்வரில் வெர்னன் எஸ்டஸ் இயந்திரம் வைத்து மோட்டார்களை அடைத்துத் தள்ளினார்.

பையனின் கைக்கு மிஞ்சியது மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர். விரல் நீளத்துக்கு நிக்ரோம் கம்பியை நறுக்கி, நடுவில் ஊசிமுனையில் சுற்றிச் சிறு வளையமாக்குவார்கள். மோட்டாரின் வாய்க்குள் அது மருந்தைத் தொடும்வரை செருகி, கசக்கிய மெல்லிய காகிதத்தால் அடைப்பார்கள். தொழிலின் நுட்பம் முழுதும் அந்தத் தொடுதலில் இருக்கிறது. மயிரிழை விலகினாலும் கம்பி வீணாக எரிந்து அறுந்துவிடும், ராக்கெட் அசையாது. கம்பியின் இரு கால்களும் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் குறுக்கே ஓடிவிடும், வளையம் சூடேறாது. அந்தக் கால்களில் மின்சாரத்தை இணைக்கும் கிளிப்பில் கரி படிந்திருந்தாலும் இதே கதைதான். மின்தடை என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் கருவி எனக்குத் தெரியாது.

கருமருந்துக்குப் பதில் கலவை எரிபொருள் அடைத்த பெரிய மோட்டார்களுக்கு வெறும் கம்பி போதாது. முனையில் எரிமருந்துப் பூச்சு வேண்டும். அதை வீட்டில் கலப்பதை நான் ஏற்கமாட்டேன். குழாயில் மருந்தடைத்த அந்தப் பழைய ஆபத்தின் பக்கமே அது திரும்ப அழைத்துச் செல்கிறது.

அமெரிக்காவின் தேசிய ராக்கெட்டரி சங்கத்தின் விதிப்படி, சிறு மோட்டாருக்கு 15 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். ஏவும் பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் மின்சாரம் தானே நின்றுவிட வேண்டும். ராக்கெட் கிளம்பாவிட்டால் பாதுகாப்புச் சாவியை உருவிவிட்டு 60 விநாடி காத்திருக்க வேண்டும். கம்பியை வளைக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, வளைக்கும் முன்பே இந்த 60 விநாடியைச் சொல்லிக்கொடுங்கள்.