சமநிலையில் முடிந்த அந்த ஆட்டம்

வலய மட்ட செஸ் போட்டிக்குப் போய் வந்த எங்கள் மாணவன் ஒருவன், “டிரோ தான் சேர்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவன் வாப்பாவின் முகத்திலும் சந்தோஷமில்லை. சமநிலை என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று பிள்ளைகளைப் பழக்கி வைத்தது நாங்கள்தானே. அவனுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதுகிறேன்.

1962ஆம் ஆண்டு, பல்கேரியாவின் வார்னா நகரில் செஸ் ஒலிம்பியாட். சோவியத் அணியும் அமெரிக்க அணியும் மோதின. வெள்ளைக் காய்களோடு உலக சம்பியன் மிகைல் பொட்வின்னிக், வயது 51. கறுப்போடு பொபி பிஷர், வயது 19. இவர்கள் இருவரும் வாழ்நாளில் ஆடியது இந்த ஒரேயொரு ஆட்டம்தான்.

பொட்வின்னிக் வீட்டிலேயே ஆராய்ந்து தயாரித்து வைத்திருந்த வழியில் ஆட்டம் போனது. 17ஆவது நகர்வில் பிஷர் இராணியால் ஒரு சிப்பாயை வெட்டினார். சம்பியனின் ஆராய்ச்சியில் அந்த நகர்வு இருக்கவேயில்லை! கைக்கு வந்த அந்தச் சிப்பாயோடு பிஷர் வெற்றியை நோக்கி நகர்ந்தார்.

அந்தக் காலத்தில், நேரத்துக்குள் முடியாத ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, அடுத்த நகர்வை எழுதி உறையில் ஒட்டிவிட்டு, பிறகு தொடர்வார்கள். இடையில் அணியினரோடு சேர்ந்து ஆராயலாம். அது களவில்லை, அன்றைய நடைமுறை. அன்றிரவு சோவியத் வீரர்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் தோல்வியாகத் தெரிந்த நிலையில், தப்புவதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்தவர் எஃபிம் கெல்லர். கோட்டைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய அந்த இறுதிக்கட்டத்தில், ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் தாக்குப்பிடிக்கலாம் என்பதே அவரது யோசனை. ஆட்டம் தொடர்ந்தபோது பிஷர் அவசரப்பட்டார். 68ஆவது நகர்வோடு சமநிலை.

கதை அதோடு முடியவில்லை. 1969இல் வெளிவந்த தன் நூலில் பிஷர் இந்த ஆட்டத்தையும் சேர்த்து, தான் வென்றிருக்க வேண்டிய வழியை விளக்கினார். பொட்வின்னிக் ஒத்துக்கொள்ளவில்லை. தன் செஸ் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதையே வீட்டு வேலையாகக் கொடுத்தார். பிஷர் சொன்ன வழியில் போனாலும் வெள்ளை தப்பலாம் என்று காட்டியவன் பாக்கு நகரத்து 13 வயதுச் சிறுவன். பெயர் கரி கஸ்பரோவ்.

எங்கள் மாணவனிடம், ஆட்டம் எழுதிய தாளைத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.