உறவை விட்டவர்களின் நோய்ப்படுக்கை

கிறிஸ்தவத்தையும் பௌத்தத்தையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்பாட்டில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒன்று படைத்தவனையும் அழியாத ஆன்மாவையும் நம்புகிறது. மற்றது இரண்டையும் ஏற்பதில்லை. ஒன்றுக்குச் சாவு ஆதிப் பாவத்தின் வழியே வந்தது. மற்றதற்குப் பிறப்போடு கூடவே வந்தது. இவ்வளவு விலகி நிற்பவை, நோயாளிக்கென்று இடம் ஒதுக்கி ஆள் வைத்துப் பராமரிக்கும் வழக்கத்தில் மட்டும் எப்படி ஒன்றுசேர்ந்தன? கருணை என்பது வழக்கமான பதில். கருணையைப் போற்றாத சமயம் ஏது? உண்மையான காரணம் துறவு என்றே எனக்குப் படுகிறது.

பழைய உலகில் நோயாளியைப் பார்த்துக்கொண்டது குடும்பம். வீட்டை விட்டு வந்தவனுக்கு அது இல்லை. வயிற்றுப்போக்கு கண்டு தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பற்றி பௌத்தத் துறவு விதிகளின் தொகுப்பான விநய பிடகத்தின் மகாவக்கம் சொல்கிறது. அவனால் யாருக்கும் உபகாரம் இல்லை என்று மற்றவர்கள் கைவிட்டிருந்தார்கள். புத்தரும் சீடர் ஆனந்தரும் அவனைக் கழுவிப் படுக்கையில் கிடத்தினார்கள். பிறகு புத்தர் சொன்ன நியாயம் கருணையைப் பற்றியதே அல்ல: பணிவிடை செய்யத் தாயும் தந்தையும் இல்லாதவர்கள் ஒருவரையொருவர் கவனித்தாக வேண்டும் என்பதுதான். 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் இத்தாலியில் எழுதிய மடத்து விதிகளும் இதே தேவையிலிருந்து பிறந்தவை. நோயுற்ற துறவிக்குத் தனி அறை, தனிப் பணியாள், மிகவும் மெலிந்தவனுக்கு இறைச்சிகூட உண்டு.

பௌத்தம் தன் ஆட்களை மட்டும் பார்த்தது, கிறிஸ்தவம் அந்நியருக்கும் கதவு திறந்தது, கோட்பாடுதானே அதற்குக் காரணம் என்று கேட்கலாம். பாதி சரி. கப்படோசியாவின் சிசேரியாவில் 370-ஐ ஒட்டி ஆயர் பசில் எழுப்பிய இல்லம் தொழுநோயாளிகளையும் ஏற்றது. நோயாளியைப் பார்ப்பவன் கிறிஸ்துவையே பார்க்கிறான் என்ற மத்தேயு நற்செய்தியின் போதனை அதற்குப் பின்னால் இருந்தது. பௌத்தத் துறவியரின் சங்கத்திலோ, வைத்தியர் ஜீவகரின் சிகிச்சைக்காகவே பலர் துறவு பூண, தொழுநோய், காக்காய் வலிப்பு உள்ளிட்ட ஐந்து நோய் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி வந்தது. (மடத்தில் நல்ல வைத்தியம் கிடைத்ததற்கு இந்தத் தடையே சாட்சி.) வைத்தியம் செய்து பிழைப்பதும் பிக்குகளுக்கு விலக்கு. ஆகவே வெளியாரின் நோய் இல்லறத்தார், அரசர் பொறுப்பில் விழுந்தது. சோழ, பாண்டிய நாடுகள் வரை மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்வித்ததாக அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு கூறுகிறது. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடலிபுத்திரத்துக்கு வந்த சீன யாத்திரிகர் பாஹியான், செல்வர்கள் நடத்திய இலவச மருத்துவ இல்லங்களைக் குறித்து வைத்தார். ஆனால் பௌத்தத்தின் மகாயானப் பிரிவு பரவிய சீனாவில் பிக்குகளே வெளியாருக்கான இல்லங்களை நடத்தினார்கள். கதவு நிரந்தரமாக மூடியிருக்கவில்லை.

நோய் கர்மவினை என்றால் பராமரிப்பு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. புத்தரின் உரைத் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற நாடோடித் துறவிக்குப் (மேலே வந்த வைத்தியர் அல்ல) புத்தர் வேதனைக்கு எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், பருவமாற்றம் என்று போகும் வரிசையில் கர்மமும் ஒன்று, அவ்வளவுதான். பிறவிக் குருடன் யார் பாவத்தால் இப்படி ஆனான் என்று சீடர்கள் கேட்டபோது, அவனுடையதும் அல்ல, பெற்றோருடையதும் அல்ல என்றார் இயேசு. பழியை நோயாளி மேல் போடும் பழக்கம் இரண்டு பக்கத்து மக்களிடமும் இருந்தது. இந்த இடங்களில் இரண்டு ஆசான்களும் அதற்கு இடம் தரவில்லை.

மடங்கள் கலைந்தபோது நடந்தது இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 845-இல் தாங் பேரரசர் வூஸோங் பிக்குகளை இல்லறத்துக்கு விரட்டியதும், அவர்கள் நடத்திய நோயாளர் இல்லங்களைக் கவனிக்க ஆளில்லை. ஊரில் நற்பெயர் உள்ள முதியவர்களை அமர்த்தி, செலவுக்கு நிலம் ஒதுக்கும்படி அமைச்சர் லீ தெயூ பரிந்துரைத்தார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபின் லண்டன் புனித பர்த்தலமேயு மருத்துவமனைக்கும் அதே கதி. நகரத்தார் கெஞ்சிக் கேட்டு, 1546-இல் அதை மாநகராட்சியின் பொறுப்பில் வாங்கிக்கொண்டார்கள்.