செப்புத் தகட்டில் பிறந்த புகையிரதம்

பத்திரிகைப் பத்தி ஒன்றினால் என்ன சாதிக்க முடியும் என்று இளைய நிருபர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அப்போதெல்லாம் ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கிலேயர் லோறன்ஸ் (1883–1967) என் நினைவுக்கு வருவார்.

1920களின் தொடக்கத்தில் சிறிய மாதிரிப் புகையிரத இயந்திரங்கள் பெரும்பாலும் எரிசாராய விளக்கின் சூட்டிலேயே ஓடின. அவ்வளவு சிறிய அடுப்புக்கு நிலக்கரி ஒத்துவராது என்பதே பலரின் கருத்து. 1922இல் லோறன்ஸ் அதனை எழுத்தில் மறுத்தார். 2½ அங்குலப் பாதையில் ஓடும் அவருடைய ‘ஆயிஷா’ நிலக்கரியால் இயங்கி, வளர்ந்த மனிதரையே இழுத்துச் சென்றது. 1924இல் இலண்டன் கண்காட்சியில் பாசெற்-லோக் நிறுவனத்தின் இயந்திரத்தோடு அது போட்டியிட்டது.

பின்னர் பல தசாப்தங்களாக ‘மொடல் எஞ்சினியர்’ சஞ்சிகையில் செய்முறைகளை எழுதினார். செப்புத் தகட்டைச் செந்நிறமாகச் சூடாக்கினால் அது இளகும். அச்சுக்கட்டையில் வைத்துத் தட்டி விளிம்பை மடிக்கலாம். தட்டத் தட்ட இறுகும்; மீண்டும் சூடாக்க வேண்டும். பொருத்துகளை வெள்ளிப் பற்றாசால் ஒட்டியபின், நீராவி ஏற்றுமுன் கொதிகலனை நீரழுத்தத்தால் சோதிக்க வேண்டும்.

விவாதத்தோடு நின்றிருந்தால் அவரை மறந்திருப்போம். வித்தையை வாசகனின் கையில் கொடுத்தார். பத்தி சாதிக்கக்கூடியது இதுவே.